பங்குனியில் எடுத்த படம்

தொண்ணூற்று நான்கு. ஒரு வாரமாக அதே எண். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் உப்புப் பாத்தியில் போட்டிருப்பேன். அரசாங்கப் பெட்டி என்பதால் தப்பித்தது.

என் பெயர் பேச்சிக்கனி. கீழமணலூர் வட்டாரத்தில் பன்னிரண்டு ஊருக்கும் நான்தான் காட்சி இணைப்பாளர். கேட்பதற்குப் பெரிய பதவி மாதிரி இருக்கும். ஆட்களை வரிசையாக உட்கார வைத்து, தலையில் தொப்பி மாட்டி, கண்ணை மூடச் சொல்வதுதான் வேலை. இருபது வருடம் கழித்து உங்கள் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள் என்பேன். அவரவர் நினைப்பைத் தொப்பி எடுத்துக்கொள்ளும். பெட்டி அத்தனையையும் சேர்த்து ஒரே படமாக்கி, தொப்பி வழியாக எல்லோருக்கும் திரும்பக் காட்டும். அதற்குப் பெயர் பொதுப்படம். எல்லோருடைய நினைப்பும் அந்தப் படத்தோடு எந்த அளவுக்கு ஒட்டுகிறது என்பதற்கு ஓர் எண் வரும். சட்டத்தில் அதற்கு இணக்க எண் என்று பெயர். எங்கள் ஊரில் மார்க்கு.

தொண்ணூற்றைந்து வந்தால் பாஸ். சூரிய மின் திட்டம் எங்களுக்கு வரும், அனல் மின் நிலையத்தை மூடுவார்கள். வராவிட்டால் திட்டம் பக்கத்து வட்டாரத்துக்குப் போய்விடும். சித்திரை கடைசி வரைக்கும்தான் கெடு.

அன்றைக்கும் உப்பளத்துப் பக்கத்துக் கொட்டகையில் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். உப்புத் தொழிலாளர் சங்கத் தலைவர் பூலோகப்பாண்டி அண்ணாச்சி முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஏ பேச்சி, இந்தக் கருமத்துக்கு எதுக்கு மார்க்கு? எங்களுக்குச் சூரியக் கரண்டு வேணும்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டுத் தந்துட்டுப் போறோம்."

"கையெழுத்தப் போட்டுட்டு மறுநாளே கேஸ் போடுவிய அண்ணாச்சி. மேற்க அப்படித்தான நடந்துச்சு? கரண்டு காத்தாடி நிழல் என் தோட்டத்துல விழுதுன்னு ஒருத்தன், ரோடு என் வயல்ல போவுதுன்னு ஒருத்தன். பத்து வருசம் பேசிப் பேசியே போச்சு. அதுக்குத்தான் இந்தச் சட்டம். மொதல்ல எல்லாரும் ஒரே படத்தப் பாக்கணும். படத்தப் பாத்தவன் சண்டைக்கு வரமாட்டான்."

"அதெப்படி வராம இருப்பான்?"

"நீங்க பாத்தியள்லா? உங்களுக்குச் சண்டை போடணும்னு தோணுதா?"

அண்ணாச்சி கண்ணை மூடி யோசித்தார். சங்கத்தில் அவரைப் போல் சண்டைக்கோழி கிடையாது. அவர் முகத்தில் பச்சைப் பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு வந்தது.

"தோணலயே! கண்ண மூடுனா அந்தப் படந்தான் வருது. உப்புல ஒரு பொட்டுச் சாம்பல் கிடையாது. வெள்ளை வெளேர்னு கிடக்கு. இதுக்காக என்னத்த வேணாலும் விட்டுக் குடுக்கலாம் போல இருக்கு."

அவர் சொன்னதில் தப்பில்லை. அனல் நிலையத்துச் சிம்னியிலிருந்து பறந்து வரும் சாம்பல் இத்தனை வருடமாக எங்கள் உப்பில்தான் இறங்குகிறது. எங்கள் நெஞ்சிலும்தான்.

சென்னையிலிருந்து வந்திருந்த மேலதிகாரி சந்தானம் சார், திரையைப் பார்த்தபடி என்னைக் கூப்பிட்டார். அலட்டாத மனிதர். கோபம் வந்தால்கூட மூக்குக் கண்ணாடியைத்தான் துடைப்பார்.

"ஒரே ஒருத்தரோடது ஒட்ட மாட்டேங்குதும்மா. நூறு பேர் லேசா மாறிப் பார்த்தா பெட்டி சமாளிச்சுடும். இந்த ஒருத்தர் ரொம்ப அழுத்தமா பார்க்கிறார். அதனால மொத்தப் படமும் ஆடுது. நானூத்துப் பதினொண்ணு யாருன்னு பாருங்க."

பட்டியலைப் புரட்டினேன். நானூற்றுப் பதினொன்று, வெயிலுகந்தாள், ஓடைக்கரை காலனி. என் கூடப் பிறந்த அக்கா.

அடிப்பாவி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

தனியாகத் திரையில் அவள் படத்தைப் போட்டுப் பார்த்தேன். திரையில் பார்க்க இணைப்பாளருக்கு அனுமதி உண்டு. தொப்பி மாட்டத்தான் கூடாது. எங்கள் நினைப்பு உள்ளே கலந்துவிடக் கூடாது என்று விதி. அக்காவின் படத்தில் சிம்னி இல்லை. கடல் வரைக்கும் சூரியத் தகடுகள். அவள் மகள் சந்தனமாரி மூச்சு வாங்காமல் ஓடிக்கொண்டிருந்தாள். எல்லாம் மற்றவர்கள் பார்த்ததுதான். ஆனால் தகடுகள் மேல் சோவென்று மழை பெய்துகொண்டிருந்தது. நடுவில், காலனியை ஒட்டிப் போகும் கல்லோடை செம்மண் நிறத்தில் கரை தொட்டுக் கடலுக்கு ஓடியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் உப்பள வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. அனல் நிலையத்தின் சாம்பல் குளத்தில் ஒப்பந்த வேலை. சாம்பல் பறக்காமல் தண்ணீர் அடிக்க வேண்டும். நான் போனபோது சந்தனமாரி ஆவி மெஷினின் மூடியை மூக்கில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை. விலா எலும்பு ஏறி இறங்குவது சட்டைக்கு மேலே தெரிந்தது.

"எக்கா, ஊரே ஒழுங்கா பாக்கு. உனக்கு மட்டும் என்ன கேடு?"

"நானும் ஒழுங்காத்தான் பாக்கேன். தகடு இருக்குல்லா? சிம்னி இல்லைல்லா?"

"மழை எதுக்கு?"

"ஏன், இருபது வருசம் கழிச்சு மழை பெய்யாதா?"

"பெய்யும். நீ நினைக்காத."

"நினைக்காம எப்படிட்டி இருக்க? பெரிய மழைக்கு இவளக் கைக்குழந்தையா வச்சிக்கிட்டு ரேஷன் கடை மாடியில நின்னேன். தண்ணி ஜன்னலத் தொட்டுட்டு. சாயங்காலத்துக்குள்ள ஓடை அத்தனையும் இழுத்துக்கிட்டுப் போச்சு. அப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு. ஊருன்னு நினைச்சாலே எனக்கு அந்தத் தண்ணிதான் வருது. நானா கூப்பிடுதேன்?"

எனக்குப் பொறுமை என்பதே பிறவியில் கிடையாது. கெடுவுக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

"மழை வந்தா மார்க்கு போகும். மார்க்கு போனா திட்டம் போகும். அந்தச் சிம்னி இன்னும் இருபது வருசம் உன் வீட்டு முன்னால நிக்கும். நீ மழையவே பாத்துக்கிட்டு இரு. இந்தப் பிள்ள நெஞ்சு என்ன ஆகும்னு யோசிச்சியா?"

பிள்ளையை வைத்து அடித்தேன். தெரிந்துதான் அடித்தேன். அக்கா மகளைப் பார்த்தாள். மெஷின் உர்ர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன செய்யணும் சொல்லு" என்றாள்.

பதினொரு தடவை அவளைத் தனியாக உட்கார வைத்தேன். பொதுப்படத்தைத் தொப்பியில் ஓட்டுவேன். அவளுக்குள் மழை தலைகாட்டும் இடத்தில் பொதுப்படத்தின் அழுத்தத்தைக் கூட்டுவேன். திரையில் மேகம் கலைந்து வெயில் விழும். மறுநாள் வந்தால் மறுபடியும் மழை. மறுபடியும் கூட்டுவேன். எந்தத் துளி எங்கே விழும், எந்த நேரத்தில் ஓடை திரும்பும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பதினோராவது நாள் அவள் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள்.

"ஏட்டி, வெயிலு என்னமா அடிக்கி!"

மார்க்கு தொண்ணூற்றாறு. கொட்டகைக்கு வெளியே வெடி போட்டார்கள். அண்ணாச்சி எனக்குச் சால்வை போர்த்தினார். சந்தானம் சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் பெருமையாகத்தான் நின்றேன். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

ஓடைக்கரை காலனிக்குச் சூரிய நகர் என்று பெயர் மாற்றிப் பலகை வைத்தார்கள். பொதுப்படத்தைப் பார்த்துப் பார்த்தே பொறியாளர்கள் வரைபடம் போட்டார்கள். அதுதான் சட்டம். படத்தில் இருப்பதைக் கட்ட வேண்டும், இல்லாததைக் கட்டக் கூடாது. ஒரு முணுமுணுப்புகூட இல்லை. நிலம் கொடுத்தவர்கள் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். மேற்கே பத்து வருடம் இழுத்த வேலை எங்கள் ஊரில் நாலு மாதத்தில் முடிந்தது.

புரட்டாசி பிறந்த வாரம் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். கல்லோடையில் வரிசையாக லாரிகள் மண் கொட்டிக்கொண்டிருந்தன. பத்து மாதம் காய்ந்து கிடக்கிற ஓடைதான். உடைமரம் மண்டி, பார்த்தால் வெறும் பள்ளம். அதைத் தாண்டிப் போயே விட்டேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அக்கா படத்தில் ஓடிய ஓடை ஞாபகம் வந்தது. ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

காலனி இருப்பது தாழ்வான இடம். மேற்கே இருந்து வரும் தண்ணீர் அத்தனையும் காலனியைச் சுற்றி, ஓடையில் விழுந்துதான் கடலுக்குப் போக வேண்டும். ஓடையை மூடினால் நூற்று நாற்பது வீடும் கிண்ணத்துக்குள் இருப்பது மாதிரி. ஐப்பசிக்கு இன்னும் நாலு வாரம்கூட முழுதாக இல்லை.

நேராக அளத்துக்கு ஓடினேன். அண்ணாச்சி பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கல்லோடைய மூடுதாவ!"

"ஆமா. அதுக்கு மேலதான தகடு வருது. படத்துல பாத்தம்லா."

"அப்ப தண்ணி எங்க போவும்?"

"எந்தத் தண்ணி?"

"மழைத் தண்ணி!"

வாருபலகையைக் கீழே போட்டுவிட்டார். நாலு பக்கமும் ஆட்கள் நிமிர்ந்து என்னை முறைத்தார்கள்.

"ஏ மூதி, வாயக் கழுவு! சீசன் முடியல, அளத்துல நின்னுக்கிட்டு அந்தப் பேரச் சொல்லுத! நீ உப்புக்காரன் வீட்டுப் பிள்ளைதான?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தை முதல் புரட்டாசி வரை அளத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வது கிடையாது. சொன்னால் வந்துவிடும், வந்தால் குவித்த உப்பெல்லாம் கரைந்துபோகும். மேகம் கறுத்தால்கூட விருந்தாளி வருகிறான் என்றுதான் சொல்வோம். சொல்வது என்ன, நினைப்பதே ஆகாது. நினைப்பு வந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டு தரையில் துப்புவோம். சின்ன வயதில் நானும் துப்பியிருக்கிறேன்.

நான் இந்தக் கூட்டங்களைப் பங்குனியில் வைத்தேன். அப்போதுதான் எல்லோரும் அளத்தில் இருப்பார்கள், ஒரே இடத்தில் பிடித்துவிடலாம் என்று என் சாமர்த்தியம். கொட்டகையும் அளத்துக்குப் பக்கத்திலேயே. கால் விரலிடுக்கில் உப்போடு வந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, ஆயிரத்து இருநூறு பேரும் மழையை மனதிலிருந்து விரட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பெட்டி அதை ஒற்றுமை என்று எடுத்துக்கொண்டது. அளத்தை விட்டுப் போன ஒருத்திதான் பயமில்லாமல் நினைத்தாள். அவளையும் பதினொரு தடவை உட்கார வைத்து நானே சரிசெய்து விட்டேன். சென்னைக்காரர் இந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். எனக்கு எங்கே போயிற்று புத்தி?

"சரி, விருந்தாளின்னே வச்சுக்குவோம்" என்றேன். "அந்தப் பெரிய விருந்தாளி வந்தப்ப ரேஷன் கடை வரைக்கும் தண்ணி நின்னுச்சே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? உங்க அக்காவையும் பிள்ளையையும் மாடியில இருந்து நான்தான இறக்கி விட்டேன்."

"அதே மாதிரி இந்த ஐப்பசியில வந்தா?"

அண்ணாச்சி கண்ணை மூடினார். நெற்றி சுருங்கியது. கண்ணைத் திறந்தபோது அவருக்கே என்னவோ போல் இருந்தது.

"நடந்தது ஞாபகம் இருக்கு பேச்சி. இனிமே நடக்கும்னு மட்டும் மனசுல வரமாட்டுக்கு. கண்ண மூடுனா வெயிலுதான் அடிக்கி."

தொப்பி அவர்களுடைய ஞாபகத்தைத் தொடவில்லை. நாளைக்கு என்ன வரும் என்று நினைத்துப் பார்க்கிற இடத்தில் ஒரே ஒரு நண்பகலை ஒட்டி வைத்துவிட்டது.

வேலையைப் பார்க்க வந்திருந்த சந்தானம் சாரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்தார்.

"கல்லோடை படத்துல இல்லையேம்மா."

"படத்துல இல்ல சார், தரையில இருக்கு!"

"பதிவேட்டுல தரிசுன்னு இருக்கு. நீங்க சொல்றது உண்மையாவே இருக்கட்டும். ஆயிரத்து இருநூறு பேர் சேர்ந்து பார்த்த படத்தை ஒருத்தர் சொல்லி மாத்தினா, நாளைக்கு இன்னொருத்தர் வருவார். அப்புறம் இன்னொருத்தர். மறுபடியும் பத்து வருஷம். அத்தனை வருஷமும் சிம்னி புகைஞ்சுகிட்டே இருக்கும். நான் கெட்டவன் இல்லம்மா. இந்தப் புகையில எத்தனை பிள்ளைங்க ஆஸ்பத்திரிக்குப் போகுதுன்னு எனக்குக் கணக்கே தெரியும்."

"அப்ப வீடு முங்கட்டுமா சார்?"

"வெள்ளிக்கிழமை உறுதிக் காட்சி இருக்கு. கடைசித் தடவையா எல்லாரும் தொப்பி மாட்டணும். யாராவது ஒருத்தர் அந்த மழையை அழுத்தமா பார்க்கட்டும். தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போனா நானே வேலையை நிறுத்திடறேன். ஆனா ஒண்ணு, நிறுத்தினா திட்டம் பக்கத்து வட்டாரத்துக்குப் போயிடும். நீங்க வரிசையில கடைசி. ரெண்டு வருஷமாவது ஆகும். யோசிச்சுக்கோங்க."

யாராவது ஒருத்தர் என்றால் அக்காதான். ஓடினேன்.

அக்கா வீட்டுக்குள் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று வரிசை அடுக்கி, அதன்மேல் அரிசி டிரம்மைத் தூக்கி வைத்தாள். பக்கத்தில் சந்தனமாரியின் ஆவி மெஷினுக்கும் மூன்று வரிசை. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

"எக்கா! எதுக்குக்கா செங்கல்?"

"தெரியலட்டி. புரட்டாசி பொறந்தா கை தன்னால செய்யுது."

"மழைக்குக்கா! தண்ணி உள்ள வந்தா நனையக் கூடாதுன்னு வருசா வருசம் வைப்பியே!"

"மழைக்கா?" அக்கா செங்கலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். "நல்ல கூத்து. இனிமே எதுக்கு?"

டிரம்மைக் கீழே இறக்கினாள். மெஷினைத் தரையில் வைத்தாள். செங்கலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே போட்டாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"எதுக்குட்டி அழுத? யாரு என்ன சொன்னா?" என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. கொட்டகை நிறைந்து வெளியே பந்தல் வரைக்கும் ஆட்கள். ஒவ்வொரு தலையாகத் தொப்பி மாட்டிக்கொண்டு போனேன். அக்கா தலையில் மாட்டினேன். பக்கத்தில் சந்தனமாரி. பன்னிரண்டு வயதுக்கு மேல் எல்லோரும் பார்க்கலாம் என்பது விதி. அவள் உறிஞ்சும் மருந்துக் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "சித்தி, சிம்னி இல்லாம ஊரு சூப்பரா இருக்கும், என்ன?" என்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

பெட்டியை முடுக்கினேன். தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு. ஆயிரத்து இருநூறு முகத்திலும் ஒரே சிரிப்பு.

மழை இவர்கள் யாரிடமும் இல்லை. பதினொரு நாள் அதைத் துளித் துளியாகப் பார்த்துத் துடைத்தவள் நான். இந்த வட்டாரத்தில் அது இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நான் தொப்பி மாட்டினால் வேலை போகும், போகட்டும். ஆனால் மார்க்கு விழுந்தால் சிம்னி நிற்கும். அந்தப் பிள்ளை நெஞ்சில் இன்னும் இரண்டு வருடம் சாம்பல் இறங்கும். மாட்டாவிட்டால் அவளும் அவள் மெஷினும் தண்ணீருக்குள். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். சந்தானம் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உபரித் தொப்பி ஒன்று மேசையில் கிடந்தது. எடுத்து மாட்டிக்கொண்டேன்.

திரையில் பார்ப்பது வேறு, உள்ளே இருந்து பார்ப்பது வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. அப்படி ஒரு அழகு! நண்பகல். கடல் பளபளவென்று கிடக்கிறது. தகடுகள் வரிசை வரிசையாக. உப்பு பல்லைப் போல வெள்ளை. எங்கும் ஒரு நிழல் இல்லை. மூச்சை இழுத்தால் அடிவயிறு வரை போகிறது. எதற்காக உள்ளே வந்தேன் என்பதே ஒரு நிமிடம் மறந்துவிட்டது. இதைப் போய்க் கெடுக்க வந்தாயே என்று எனக்கே என்மேல் கோபம் வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவின் முதல் துளியை நினைத்தேன். ரேஷன் கடைப் பக்கத்தில் இரண்டாவது வரிசை, மூன்றாவது தகடு. டப் என்று விழுந்தது. இன்னொன்று. மேற்கே கறுத்தது. மண் வாசனை வந்தது. அப்புறம் நான் நினைக்க வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே கொட்ட ஆரம்பித்தது.

"ஏ, உப்ப மூடுங்கலே!"

அண்ணாச்சியின் குரல். பெஞ்சுகள் சரிந்தன. தொப்பியோடேயே பாதிக் கொட்டகை வாசலுக்குப் பாய்ந்தது. "தார்ப்பாய எடு!" "ஓலையப் போடு!" "அந்தக் குவியலப் பிடிங்கட்டி!" வெளியே புரட்டாசி வெயில் மண்டையைப் பிளக்கிறது. அந்த வெயிலில் நின்றுகொண்டு உப்புக்காரர்கள் இல்லாத மழைக்குத் தலையைக் குனிந்து, இல்லாத தார்ப்பாயை இழுத்தார்கள். சிலர் வழக்கம்போல நாக்கைக் கடித்துத் துப்பவும் செய்தார்கள். அதற்கெல்லாம் நிற்கிற மழையா அது?

அக்கா மட்டும் இருந்த இடத்திலேயே எழுந்து நின்றாள். கண் மூடியிருந்தது. சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் தேடினாள். இன்னொரு கையில் சந்தனமாரியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஏட்டி பேச்சி, தண்ணி ஏறுதே! ஓடைய எங்க? ஓடைய எங்கட்டி கொண்டு போயி வச்ச?"

நான் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்த்தேன். நாற்பத்தொன்று.

சந்தானம் சார் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான்தான் சார் மாட்டுனேன்" என்றேன்.

"பார்த்தேன்." கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. "ஒருத்தர் மாறிப் பார்த்தா ரெண்டு மார்க்கு குறையும், மூணு குறையும். நாப்பத்தொண்ணு ஒருத்தரால வராதும்மா. எல்லார்கிட்டயும் இருந்திருக்கு."

அன்றைக்கு மாலையே லாரிகள் நின்றன. மறுநாள் என் வேலை போனது. அடுத்த வாரம் திட்டம் பக்கத்து வட்டாரத்துக்குப் போனது. ஓடையில் கொட்டிய மண்ணைக் காலனிப் பெண்கள்தான் சட்டியில் அள்ளி அள்ளிக் கரையில் போட்டார்கள். சூரிய நகர் பலகையை யாரோ கழற்றி ஆட்டுக்கொட்டிலுக்குக் கதவாக்கிவிட்டார்கள்.

ஐப்பசியில் மழை வந்தது. பெரிய மழை என்று சொல்ல முடியாது. காலனித் தெருவில் கணுக்கால் வரை நின்று, ஓடை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள் என்று எழுத ஆசைதான். அவள் ஒரு மாதமாக என்னோடு பேசவில்லை. அந்த மாதத்தில் இரண்டு தடவை சந்தனமாரியை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை நான் போய் வாசலில் நின்றேன். அக்கா வெளியே வந்தாள்.

"தண்ணி போச்சுன்னு பாத்தா உன்னக் கும்பிடணும் போல இருக்கு. இவ மூச்சு வாங்குறதப் பாத்தா உன்ன அறையணும் போல இருக்கு. நான் எதச் செய்ய?"

"ரெண்டையும் செய்க்கா."

"போட்டி அந்தப் பக்கம்" என்று உள்ளே போய்விட்டாள்.

வரிசையில் மறுபடி இடம் பிடிக்க வேண்டுமென்றால் மறுபடி படம் எடுக்க வேண்டும். எப்போது வைக்கலாம் என்று சந்தானம் சார் என்னிடம் போனில் கேட்டார். நான் அரசாங்க ஆள் இல்லை, இருந்தாலும் கேட்டார். மழைக்குள்ளேயே வையுங்கள் சார் என்றேன். ஐப்பசிக் கடைசியில் வைத்தார். கொட்டகை நாலு இடத்தில் ஒழுகியது. புதிதாக வந்திருந்த இணைப்பாளர் பெட்டி நனையக் கூடாதென்று குடை பிடித்துக்கொண்டு, மார்க்கு ஏறவே மாட்டேன் என்கிறதே என்று தவித்துக்கொண்டிருந்தார்.

நான் ஊர்க்காரியாகப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கோணலாக இருந்த என் தொப்பியைச் சரிசெய்தாள்.

"இந்தத் தடவ எனக்கு என்ன தெரியுதோ அத நான் பாக்கேன்" என்றாள். "நீ திருத்த வராத."

"வரமாட்டேன்க்கா."

கண்ணை மூடினோம். ஆளுக்கு ஒரு மாதிரி தெரிந்திருக்கும், மார்க்கு முப்பத்தெட்டில் நின்றது. யாரும் எழுந்து போகவில்லை. முன்வரிசையில் சந்தனமாரி இருமுவது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.